ஏலும், ஏலாது: கணினி முன் அமரும் மனம்

2022 யூலை நடுப்பகுதி. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்று களைத்திருந்த இலங்கையில் கியூஆர் குறியீடு அறிமுகமானது. வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் இணையத்தளத்தில் பதிந்து, போனுக்கு வரும் இரகசிய எண்ணைத் திருப்பிக் கொடுத்தால், வாராந்தப் பங்குக்கான கறுப்பு வெள்ளைக் கட்டம் கைக்கு வரும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அப்போது இன்னொரு வரிசை முளைத்தது. அது கொமினிகேசன் கடைகளின் வாசலில் நின்ற வரிசை.

அதில் நின்ற பலரிடம் நல்ல போன் இருந்தது. மத்திய கிழக்கில் வேலைசெய்யும் மகளோடு இரவில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் அவர்கள். ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கடைப் பையனிடம் போனை நீட்டும்போது மட்டும் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே பேச்சு: "தம்பி, நீங்களே அடிச்சுத் தாங்க. எனக்கு இது ஏலாது."

"தெரியாது" என்று அவர்கள் சொல்லவில்லை. "ஏலாது" என்றார்கள். ஈழத்துப் பேச்சில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு கடல் தூரம் இருக்கிறது. தெரியாதது நாளைக்குத் தெரியவரலாம். ஏலாது என்பதோ ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு. கணினி முன் ஒரு மனிதர் எவ்வளவு நன்றாக வேலைசெய்வார் என்பதை அவருடைய அறிவைப் போலவே அந்தத் தீர்ப்பும் தீர்மானிக்கிறது. கடந்த நாற்பது ஆண்டு உளவியல் ஆய்வு இதைப் பல வழிகளில் காட்டியிருக்கிறது. அந்த ஆய்வுகளை நம் கரையில் வைத்துப் படித்தால், கணினிக் கல்விக்கு நாம் செலவிடும் பணமும் உழைப்பும் எங்கே வீணாகின்றன என்பது தெளிவாகும்.

ஏலும் என்பதை அளப்பது

கனடாவில் பிறந்து ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா, ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க ஏலும் என்று ஒருவர் கொள்ளும் நம்பிக்கையை 1977 இல் ஒரு தனிக் கோட்பாடாக வகுத்தார். தமிழில் இதைத் தற்திறன் நம்பிக்கை எனலாம். பொதுவான தன்னம்பிக்கையிலிருந்து இது வேறானது. மேடையில் அஞ்சாமல் பேசுகிறவர் விரிதாளின் முன் நடுங்கலாம். கூட்டத்தில் வாய் திறக்காதவர் கணினியில் கணக்கு வழக்குகளை ஒழுங்காக வைத்திருக்கலாம். இந்த நம்பிக்கை செயலுக்குச் செயல் வேறுபடும். அதனாலேயே ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே வளர்க்கவும் முடியும்.

கணினிக்கென்று இதை அளக்கும் கருவியை 1995 இல் டெபோரா கொம்போ, கிறிஸ்தோபர் ஹிகின்ஸ் என்ற இருவர் உருவாக்கினர். முன்பின் தெரியாத ஒரு மென்பொருளைக் கொண்டு வேலையை முடிக்கவேண்டியிருப்பதாகக் கற்பனை செய்யச் சொல்லிப் பத்துக் கேள்விகள் கேட்டார்கள். என்ன செய்வதென்று சொல்லித்தர அருகில் யாருமே இல்லாவிட்டால் முடிப்பீர்களா? வேறொருவர் செய்வதை முன்பே பார்த்திருந்தால்? யாராவது தொடக்கிவிட்டால்? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உறுதியோடு ஓம் என்கிறீர்கள்? ஏறத்தாழ ஆயிரம் கனேடிய ஊழியர்களிடம் பெற்ற விடைகளில், நம்பிக்கை கூடியவர்கள் கணினியைக் கூடுதலாகப் பயன்படுத்துவதும் குறைவாகப் பதறுவதும் தெரிந்தன. 1999 இல் வெளிவந்த தொடர் ஆய்வு, ஒருவரின் நம்பிக்கையைக் கொண்டு ஓராண்டுக்குப் பிந்திய அவரது பதற்றத்தையும் பயன்பாட்டையும் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது என்று காட்டியது.

இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவைக் கணக்கிடும் வரைவிலக்கணத்தை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 5 முதல் 69 வயதுக்குட்பட்ட ஒருவர் கணினியைத் தானாகவே பயன்படுத்த முடிந்தால் அவர் கணினி எழுத்தறிவு உடையவர். ஐந்து வயதுக் குழந்தை கணினியில் தனியாக விளையாடினாலும் அது கணக்கில் சேரும். "தானாகவே" என்ற சொல்தான் இங்கே உயிர். கொம்போவும் ஹிகின்ஸும் கேட்ட முதற் கேள்வியும் அதுவே: அருகில் யாரும் இல்லாவிட்டால்?

2021 இன் முதல் ஆறு மாதங்களில் நாட்டின் கணினி எழுத்தறிவு 34.3 வீதம். கணினி, மடிக்கணினி, டப்லெட், ஸ்மார்ட்போன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தானாகப் பயன்படுத்துவோரைக் கணக்கிடும் டிஜிட்டல் எழுத்தறிவு 57.2 வீதம். இரண்டுக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 23 வீதப்புள்ளி இடைவெளியில், போனைக் கையாளும் விரலும் கணினி முன் தயங்கும் விரலும் ஒரே ஆளுடையவை. நம் கட்டுரையின் மனிதர்கள் அந்த இடைவெளிக்குள் வாழ்கிறார்கள். போனில் வழக்கமான நாலைந்து வேலைகளுக்கு அப்பால் ஒரு படிவம் வந்தால், போனும் அவர்களுக்குக் கணினியாகிவிடுகிறது.

பதற்றம் மனதில் எடுக்கும் இடம்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெண்களுக்கு நடந்த ஒரு கணினி வகுப்பின் முதல் நாளை அருகில் இருந்து பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மவுஸைப் பிடித்திருந்தார். பிடி அவ்வளவு இறுக்கம். விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. அம்புக்குறியைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோகச் சொன்னார் மிஸ். அம்மா தள்ளினார். மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. அம்பு இன்னும் திரையின் நடுவில். மவுஸைத் தூக்கிப் பின்னுக்கு வைத்து மறுபடி தள்ளலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேசைக்கு வெளியே அந்தரத்தில் மவுஸைப் பிடித்தபடி, "மிஸ், இது ஏலாது போல. நான் பழுதாக்கிப் போட்டனோ?" என்றார்.

தெரியாமல் இருந்தது ஒரு சிறு விசயம்: மவுஸைத் தூக்கி வைக்கலாம் என்பது. அதை அறிய இரண்டு விநாடி போதும். ஆனால் அந்த இரண்டு விநாடிக்குள் அவர் மனதில் எத்தனை ஓடியிருக்கும்! பழுதானால் காசு யார் கொடுப்பது, பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்களா, மிஸ் என்ன நினைப்பார், வீட்டில் "இந்த வயசில உனக்கெதுக்கு" என்று கேட்டவர் சொன்னது சரிதானோ.

உளவியல் இதைச் செயல் நினைவு என்ற கருத்தால் விளக்குகிறது. ஒரு வேலையைச் செய்யும்போது தேவையானவற்றை மனதின் முன்வாசலில் ஏந்தி வைத்திருக்கும் இடம் அது, மிகச் சிறியது. மைக்கல் ஐசெங்க், மனுவெல் கல்வோ இருவரும் 1992 இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, பதற்றத்தோடு வரும் கவலை எண்ணங்கள் அந்த இடத்தில் வந்து குந்திக்கொள்கின்றன. வேலைக்கு மிஞ்சுவது கொஞ்சம். அவர்கள் கண்ட நுட்பமான உண்மை ஒன்று உண்டு. பதற்றமுள்ளவர் பெரும்பாலும் வேலையை முடித்தே விடுகிறார். அதற்காக மற்றவரைவிடக் கூடுதல் நேரமும் கூடுதல் முயற்சியும் செலவிடுகிறார். விளைவைவிட வினைத்திறன்தான் முதலில் அடிபடுகிறது.

ஆசிரியர்களுக்கு இது முக்கியம். ஒரே பயிற்சியை இரண்டு பேர் சரியாக முடித்துத் தருகிறார்கள். ஒருவர் இளைப்பாறி எழுகிறார். மற்றவர் வயல் உழுதவர் போல வேர்த்து எழுகிறார். மதிப்பெண் தாளில் இரண்டும் ஒன்று. அடுத்த வாரம் வகுப்புக்கு வராமல் நிற்கப்போகிறவர் யார் என்று அந்தத் தாள் சொல்லாது.

மொழியும் இதே சிறிய இடத்தில்தான் பங்கு கேட்கிறது. திரையில் வரும் ஆங்கில எச்சரிக்கையை எழுத்துக்கூட்டி, பொருள் ஊகித்து, பிறகு முடிவெடுக்கிறவருக்கு வேலை இரட்டிப்பு. நம் மண்ணில் இதை முன்னுணர்ந்த ஒருவர் இருந்தார். காரைதீவில் பிறந்து, அறிவியலில் பட்டம் பெற்று, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பிய விபுலானந்த அடிகள், 1936 இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியலைப் பிறமொழியில் மட்டும் கற்கும் பிள்ளைக்குச் சுமை இரண்டு என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. இதில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். சுமையைக் குறைப்பது கற்பவருக்குப் பழகிய சொல். "சேவ் பண்ணு" என்று சொல்லிப் பழகிய பெண்ணுக்கு, அவர் ஒருபோதும் கேட்டிராத ஒரு தூய தமிழ்ச் சொல்லைத் திரையில் காட்டினால் அதுவும் ஒரு புதுச் சுமையே. இரண்டையும் அருகருகே வைத்துப் பழக்குவதே நல்ல வகுப்பின் வழி.

பயத்துக்குக் காரணம் உண்டு

கணினிப் பதற்றத்தை அளக்க 1987 இல் ஹைன்சன், கிளாஸ், நைட் ஆகியோர் உருவாக்கிய அளவுகோலில், பிழையான ஒரு விசையை அழுத்திப் பெருந்தொகையான தகவலை அழித்துவிடுவேனோ என்ற அச்சம் பற்றிய கூற்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க மாணவருக்கு அது பெரும்பாலும் கற்பனைப் பயம். நம் கரையில் இந்தப் பயத்தின் அடியில் அனுபவம் கிடக்கிறது.

ஒரே பெயருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. "ழ" ஓரிடத்தில் எல், இன்னோரிடத்தில் இசட்டும் எச்சும். இந்த வேறுபாட்டால் ஒரு கொடுப்பனவு தடைப்பட்டு, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் சத்தியக் கடதாசியோடு அலைந்த கதை இல்லாத கிராமம் இங்கே குறைவு. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து நாவலடியையும் கல்லடியையும் அள்ளிச் சென்றபோது வீடுகளோடு பத்திரங்களும் போயின. போர்க்கால இடப்பெயர்வுகளில் போனவை வேறு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு படிவத்தின் எழுத்துப் பிழை சின்ன விசயம் அல்ல. "அனுப்பு" என்ற பொத்தானின் மேல் விரல் நடுங்குவதை அறியாமை என்று ஒதுக்குகிறவர் அந்த விரலின் வரலாற்றை அறியாதவர்.

இயந்திரம் தரும் பிழைகளைத் தன் பிழையாக ஏற்றுக்கொள்வது இந்தப் பயத்தை மேலும் கெட்டியாக்குகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நம் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலமாகப் புழங்கியது பாமினி எழுத்துரு. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பெண் கடையில் "அம்மா" என்று தட்டச்சுச் செய்து, கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப்போய், பாமினி இல்லாத இன்னொரு கணினியில் திறக்கிறார். அங்கே அம்மா இல்லை. எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஆங்கிலக் குப்பை கிடக்கிறது. எழுத்துருவை ஏற்றினால் அல்லது யுனிகோடுக்கு மாற்றினால் அம்மா திரும்பி வருவார். அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. "நான் எல்லாத்தையும் அழிச்சிட்டன்" என்றே அவர் நினைப்பார்.

பொருள் வடிவமைப்பு பற்றி 1988 இல் புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதிய டொனால்ட் நோர்மன் இதைத்தான் சொன்னார்: மோசமாக வடிவமைத்த பொருளோடு மல்லுக்கட்டித் தோற்கும் மனிதர்கள் பொருளைக் குறைசொல்வதில்லை, தம்மையே குறைசொல்கிறார்கள். பாமினியில் எழுதிய கடிதம் குப்பையாவது தரப்படுத்தலின் குறை. அந்தக் குறையை ஒரு கிராமத்துப் பெண் தன் மூளையின் குறையாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். ஆசிரியர் அந்த இடத்தில் "இது உங்கட பிழை இல்லை, எழுத்துருவின்ர பிழை" என்று ஒரு வசனம் சொன்னால், அது தொழில்நுட்ப விளக்கமும் ஆகும், மருந்தும் ஆகும்.

நாற்காலியில் யார்

கணினிப் பதற்றம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1999 இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, கணினி அனுபவம் கூடக்கூடப் பதற்றம் குறைகிறது என்றும், மாணவர்களிடையே பெண்களின் பதற்றம் பொதுவாக ஆண்களைவிடக் கூடுதல் என்றும் கண்டது. இதை மட்டும் படித்தால் பெண்களின் திறமை குறைவு என்று ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும். அதற்கு விடை 2006 இல் வந்தது. எஸ்தர் ஹார்கிட்டாய், ஸ்டீவன் ஷேஃபர் இருவரும் 100 அமெரிக்கரை இணையத்தில் சில தகவல்களைத் தேடச் சொன்னார்கள். செயலில் ஆணும் பெண்ணும் பெரிதாக வேறுபடவில்லை. தம் திறமையைத் தாமே மதிப்பிடச் சொன்னபோது மட்டும் பெண்கள் தம்மைக் குறைத்து மதித்தார்கள். கை செய்வது ஒன்று, மனம் நம்புவது இன்னொன்று.

மட்டக்களப்பில் வீடு வளவு பெரும்பாலும் மகளுக்கு. தாய்வழிக் குடி மரபில் பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து சேர்வதே இங்கத்தைய வழக்கம். ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு கணினி வந்தால் அதன் முன்னுள்ள கதிரை யாருடையது? நான் போயிருந்த வீடுகள் பலவற்றில் அது மகனுடையது. மகள் பின்னால் நின்று, "அண்ணா, இதைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க" என்று கேட்பவள். பாடசாலைக் கணினி அறையிலும் இதே காட்சிதான். ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள். ஏற்கெனவே தெரிந்த பிள்ளை மவுஸைப் பிடிக்கும். மற்ற இருவரும் பார்ப்பார்கள். பாடவேளை முடிய, தெரிந்தவர் மேலும் தெரிந்தவராகிறார். பார்த்திருந்தவர்களின் மனதில் "அவனுக்கு ஏலும், எனக்கு ஏலாது" என்ற எண்ணம் இன்னும் ஒரு படி உறைந்துபோகிறது. ஆசிரியர் எதையும் தவறாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அறையின் ஒழுங்கே அந்தப் பாடத்தைக் கற்பித்துவிட்டது.

மிஞ்சிய நம்பிக்கை

நம்பிக்கை கூடக்கூட எல்லாம் நன்றாகும் என்று எண்ணினாலும் தப்பு. 2002 இல் ஜெஃப்ரி வன்கூவரும் அவரது கூட்டாளிகளும் மறைந்திருக்கும் நிறவரிசையைக் கண்டுபிடிக்கும் கணினி விளையாட்டொன்றைப் பலமுறை ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஆளின் நம்பிக்கை ஏறிய சுற்றுக்குப் பின்னர் அவரது கவனம் தளர்ந்து ஆட்டம் கெட்டது. பண்டூரா இதை ஏற்காமல் எழுதினார், விவாதம் நீண்டது. எனினும் நம் அன்றாடத்தில் இதன் உண்மையை மறுக்க முடியாது.

வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இன்று வரும் மாணவர் எவரும் போன் இல்லாமல் வருவதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளின் பெருவிரல் மின்னல். ஆனால் போன் கோப்புகளை எங்கே வைக்கிறது என்பதை மறைத்துவிடும் கருவி. அடைவுக்குள் அடைவு என்ற கருத்தே இல்லாமல் வளர்ந்த பிள்ளை, அறிக்கையைச் சேமித்துவிட்டு "காணேல்ல" என்று தவிப்பது புதுமையல்ல. தனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தால் அவர் அடிப்படை வகுப்பில் கவனம் வைக்கவும் மாட்டார். போனுக்கு வரும் இரகசிய எண்ணை முன்பின் தெரியாதவருக்குச் சொல்லி ஏமாறுகிறவர்களிலும் இப்படி நம்பிக்கை மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள். பயந்தவர் சில வேளை சொல்லாமல் இருந்து தப்பிவிடுகிறார்.

ஆகவே நமக்குத் தேவை அளவான நம்பிக்கை. செய்து பார்த்து, எங்கே பிழைக்கும் என்று தெரிந்து, பிழைத்தால் மீட்கும் வழியும் கைவசம் இருக்கும்போது வருவது அது.

ஏலும் எப்படி வருகிறது

தற்திறன் நம்பிக்கைக்கு ஊற்று நான்கு என்றார் பண்டூரா: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, நம்பத்தக்கவரின் ஊக்கச் சொல், உடலின் படபடப்பை ஒருவர் எப்படிப் பொருள்கொள்கிறார் என்பது. இவற்றுள் முதலாவதே வலியது. பாம்புக்கு அஞ்சியவர்களைக் கொண்டு அவர் நடத்திய சோதனைகளில், மற்றவர் பாம்பைத் தொடுவதைப் பார்த்தவர்களைவிடத் துணையோடு தாமே படிப்படியாகத் தொட்டவர்களிடம் நம்பிக்கை உறுதியாக வளர்ந்தது.

வாவியில் மீன்பிடிப்பவர்களுக்கு இது புத்தகத்தில் படிக்கவேண்டிய சங்கதி அல்ல. வீச்சுவலை எறியப் பழகும் பையனை முதல் நாளே தோணியின் தலைப்பில் நிறுத்திவிடுவதில்லை. கரையில், மணலில் எறிந்து பழகவேண்டும். வலை விரியாமல் பொதியாக விழும். பொறுக்கி மடித்து மறுபடி எறிவான். மணலில் விழும் வலையால் மீனும் கலையாது, தோணியும் சரியாது, எவருக்கும் நட்டமில்லை. பிழைக்கு விலை இல்லாத ஓரிடத்தை முதலில் அமைத்துக் கொடுப்பதுதான் இதில் உள்ள கல்வி.

ஜேர்மனியில் மைக்கல் ஃப்ரேஸெயும் அவரது குழுவினரும் கணினிப் பயிற்சியில் இதையே முறையாகச் செய்து பார்த்து 1991 இல் எழுதினார்கள். ஒரு குழுவுக்குப் பிழையே நேராதபடி படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றக் குழுவிடம், பிழைகள் கட்டாயம் வரும், அவற்றிலிருந்துதான் கற்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிக் கடினமான பயிற்சிகளில் இறக்கிவிட்டார்கள். நீனா கைத்தும் ஃப்ரேஸெயும் இப்படிப்பட்ட 24 ஆய்வுகளை 2008 இல் தொகுத்தபோது, பிழைகளை வரவேற்ற பயிற்சியே கூடுதல் பயன் தந்தது தெரிந்தது. பயிற்சியில் கண்டிராத புதிய வேலை எதிர்ப்பட்டபோது அந்தப் பயன் இன்னும் தெளிவாக வெளிப்பட்டது. மவுஸ் பிடித்த அந்த அம்மாவுக்கு நாளை வரப்போவது எல்லாமே புதிய வேலைதான். இன்று ஒரு படிவம், அடுத்த ஆண்டு வேறு ஒன்று. பதினைந்து படிகளை மனப்பாடம் செய்து கொடுத்தால், பதினாறாவது படியில் அவர் மறுபடி கொமினிகேசன் கடைக்குத்தான் போவார்.

எனவே வகுப்பின் முதல் பாடமாக கன்ட்ரோல் இசட் இருக்கவேண்டும் என்பேன். ஒரு பந்தி எழுதச் சொல்லுங்கள். முழுவதையும் தெரிவுசெய்து அழிக்கச் சொல்லுங்கள். திரை வெறுமையாகும்போது முகங்களைக் கவனியுங்கள். பிறகு அந்த இரண்டு விசைகளையும் அமத்தச் சொல்லுங்கள். போனது அப்படியே திரும்பி வரும். அந்த நொடியில் மனதில் பதிவது எந்த விரிவுரையாலும் பதியாது. அதே வேளையில் உண்மையையும் மறைக்கக் கூடாது: அனுப்பிய படிவத்தை கன்ட்ரோல் இசட் மீட்காது. எங்கே மீட்கலாம், எங்கே மீட்க முடியாது என்று பிரித்தறிவதே அளவான நம்பிக்கையின் தொடக்கம். அரசாங்கத் தளங்களை அமைப்போரும் தம் பங்கைச் செய்யலாம். பெயரும் இலக்கமும் ஒருமுறை திருப்பிக் காட்டப்பட்டு, "சரியா?" என்று தமிழில் கேட்கப்பட்டு, பிழையைத் திருத்தச் சில நாள் அவகாசமும் இருந்தால், பாதி நடுக்கம் அங்கேயே அடங்கிவிடும்.

இரண்டாவது ஊற்று முன்மாதிரி. 1989 இல் மரிலின் கிஸ்டும் அவரது கூட்டாளிகளும், தானே படித்துப் பழகும் கணினிப் பாடத்தைவிட ஒருவர் செய்து காட்டுவதைப் பார்த்துச் செய்த பயிற்சி நம்பிக்கையையும் செயல்திறனையும் உயர்த்தியதாகக் கண்டார்கள். செய்து காட்டுகிறவர் யார் என்பதும் முக்கியம். கொழும்பிலிருந்து வரும் பட்டதாரி வேகமாகச் செய்து காட்டினால், "அவர் படிச்சவர்" என்பதோடு முடிந்துவிடும். பக்கத்து வளவுப் பெண், போன மாதம் தன்னைப் போலவே நடுங்கியவர், இன்று தடுமாறித் தடுமாறி ஒரு மின்னஞ்சலை அனுப்பினால் அது வேறு பாடம். மாதர் சங்கங்களிலும் சிறுகுழுக்களிலும் முதலில் பழகிய ஒருவரை அடுத்த வகுப்பின் உதவியாளராக்குவதற்குப் பணம் அதிகம் தேவையில்லை.

மூன்றாவது, சொல். 1994 இல் ஜோசஃப் மார்தொக்கியோ ஒரு கணினிப் பயிற்சியில் ஒரு பகுதியினரிடம் இது பழகப்பழக வளரும் திறன் என்றும், மற்றவர்களிடம் இது பிறவியிலேயே அமைந்தது என்ற பொருள்படவும் சொல்லிவைத்தார். பாடம் ஒன்றே. முதற் பகுதியினரின் பதற்றம் குறைந்து நம்பிக்கை ஏறியது. "கணக்கு மூளை இருந்தாத்தான் கம்பியூட்டர் வரும்" என்று நம் வீடுகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அந்த வாக்கியத்தை இனி பிள்ளைகளின் காதில் போடாமல் இருப்பதும் ஒரு கல்விச் சீர்திருத்தமே.

இரு கரை, ஒரு கதிரை

மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நகரமும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரையில். வயலும் மாடும், கிழக்கில் 2007 வரை நீடித்த போரின் காயங்களும் கூடுதலாகப் படுவான்கரையில். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்த இடத்தில் வாவியைக் கடக்கப் படகுப்பாதையே கதி. பாலம் வந்தது நல்லது. ஒரு கணினி நிலையமும் ஒரு பாலம் போலத்தான். கட்டி முடித்ததோடு எல்லோரும் கடந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம்.

2005 அளவில் நாடெங்கும் தொடங்கப்பட்ட நெனசல நிலையங்கள், தமிழில் அறிவகங்கள், கிராமத்துக்குக் கணினியைக் கொண்டுவந்த பெருமுயற்சி. 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருது அத்திட்டத்துக்குக் கிடைத்தது. அதன் படிப்பினையை நாம் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை நிலையம், எத்தனை கணினி, எத்தனை சான்றிதழ் என்று எண்ணுவது எளிது. விசைப்பலகையில் யாருடைய கை இருந்தது என்று எண்ணினால்தான் "தானாகவே" என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

பண்டூரா தம் பிற்கால எழுத்துகளில், மனிதர் தாமே செயலாற்றுவதோடு பிறர் வழியாகவும் காரியம் முடித்துக்கொள்கிறார்கள் என்றார். அது குற்றமல்ல; எல்லோரும் எல்லாவற்றையும் கற்கமுடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பிறர் கையில் விட்ட செயலில் நம் திறன் வளர்வதில்லை. நம் பாதுகாப்பும் அவர் திறமையையும் நேர்மையையும் நம்பி நிற்கிறது. எரிபொருள் வரிசையின்போது அடையாள அட்டை இலக்கமும் இரகசிய எண்ணும் எத்தனை கைகளுக்குப் போயின என்று நினைத்துப் பார்த்தால் அந்த விலை புரியும். கொமினிகேசன் கடைப் பையன்கள் அந்த நாட்களில் ஊருக்குச் செய்த உதவி பெரிது. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டு, "அம்மா, நீங்க இருங்க. நான் சொல்றன், நீங்க அமத்துங்க" என்று சொன்னால் ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடம் அடுத்த படிவத்தில் மிச்சமாகும்.

அன்று அந்த வகுப்பில் மிஸ் செய்ததும் அதையே. மவுஸை வாங்கித் தானே நகர்த்திக் காட்டியிருக்கலாம், அதுதான் விரைவு. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "பழுதாகேல்ல அம்மா. மவுஸை அப்பிடியே தூக்கி நடுவில வைங்க. மறுகா தள்ளுங்க." அந்த அம்மா தூக்கினார், வைத்தார், தள்ளினார். அம்பு வலது மூலைக்குப் போய் நின்றது. அவர் திரும்பி யாரையும் பார்க்கவில்லை. அம்பை இடது மூலைக்குக் கொண்டுபோனார், பிறகு மறுபடி வலது மூலைக்கு. யாரும் சொல்லாமலேயே.